58-ல ரிட்டயர்மென்ட், 60-ல லோயர் பெர்த்: நடுவுல ரெண்டு வருஷம் டூர் போகலாமுங்களா?

ஸ்பேனர்_கோவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாப் போயிட்டா பொறுத்துக்குங்க. சேரன் எக்ஸ்பிரஸ்ல சென்னையிலிருந்து திரும்பிட்டிருக்கேன். காட்பாடியில சைடு லோயர் ஒண்ணு காலியாச்சு, அதுல உக்காந்து தட்டறேன். தூக்கம் வரலை.

எனக்கு 57 வயசு. டெக்ஸ்டைல் டிப்ளமா முடிச்சு 1990-ல கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மெஷினரி கம்பெனியில சர்வீஸ் பிரிவுல சேர்ந்தேன். 35 வருஷமா அதே கம்பெனி, அதே வேலை. மில்லுல புது ரிங் ஃபிரேம் (நூல் நூக்கற மெஷின்) வந்து இறங்குனா மாட்டி ஓட்டிக் குடுக்கறது, ஓடறது மக்கர் பண்ணுனா போய்ப் பாக்கறது. ஆரம்பத்துல உடுமலை, திண்டுக்கல், ராஜபாளையம்னு பஸ்ஸுலயே முடிஞ்சுது. அப்பறம் குண்டூர், கோலாப்பூர் பக்கம், பில்வாரா, லூதியானா. 2008-லிருந்து பங்களாதேஷும் சேர்ந்துக்கிச்சு. மாசத்துல 15 நாள் வெளியூர். நான் ஊர்ல இல்லாத நாளுக்கெல்லாம் என்ற சம்சாரம் பால்காரர் அட்டையில அரை லிட்டரைக் குறைச்சு எழுதிருவா. அந்த அட்டையைப் பாத்தாவே நான் அந்த மாசம் எத்தனை நாள் வீட்டுல இருந்தேன்னு தெரியும்.

வர்ற மாசியோட 58 முடியுது, ரிட்டயர்மென்ட். போன வாரம் ஜி.எம். கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர், ஆனா தங்கமான மனுஷன். "அண்ணா, ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்ல இருங்க. சம்பளம் கிட்டத்தட்ட இதேதான். ஆனா டூர் போயே ஆகணும், ஆபீஸ்ல உக்கார வெக்க எடமில்லீங்ணா"ன்னார். ஜனவரி முதல் வாரத்துக்குள்ள பதில் சொல்லோணும்.

சிரிக்காதீங்க, எனக்கு முதல் பிரச்சினை பெர்த். இத்தனை வருஷப் பழக்கத்துல நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சுரும். எட்டால வகுத்து மீதி 1, 4 வந்தா லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர், மீதியே இல்லீன்னா சைடு அப்பர். நான் சேர்ந்த புதுசுல பெட்டி வாசல்ல சார்ட் ஒட்டுவாங்க, பசை காயாம விரல்ல ஒட்டும். அதுல பேருக்குப் பக்கத்துல ஆண் 22-ன்னு போட்டிருக்கும். எங்க மானேஜரும் நானும் போனா, அவருக்கு எந்த பெர்த் வந்திருந்தாலும் அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் அப்பர்ல ஏறிப் படுத்திருப்பேன். இப்ப டிக்கெட்டுல 57-ன்னு அச்சடிச்சுக்கிட்டு அதே அப்பர்தான் வருது. ஆம்பளைக்கு லோயர் கோட்டா 60 முடிஞ்சாத்தான். கம்பெனி கணக்குல 58-ல நான் கெழவன், ரயில்வே கணக்குல 60 வரைக்கும் வாலிபன். 60 ஆனா 40 சதவீதம் தள்ளுபடின்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் 2020 மார்ச்சுல கொரோனாவைச் சொல்லி நிறுத்துனவங்க திரும்பக் குடுக்கலை.

நைட்டு ரெண்டு தடவை எந்திரிக்க வேண்டியிருக்குங்க. அந்த இரும்பு ஏணியில வெறும் காலை வெச்சா முட்டி 'கடக்'குங்குது. போன மாசம் மங்கலூர் வண்டியில ரெண்டு மணிக்கு இறங்கி, இருட்டுல செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு பாத்ரூம் போயிட்டு வந்தா, ஒண்ணு என்னுது, இன்னொண்ணு யாரோடதோ பொம்பளைச் செருப்பு. நல்லவேளை அந்தம்மா முழிக்கலை.

ரெண்டாவது, பயம்னு சொல்லலாமோ என்னமோ. 2024 ஜூலையில நான் டாக்கா பக்கம் காஜிபூர்ல ஒரு மில்லுல இருந்தேன். 18-ந் தேதி ராத்திரி நெட் போச்சு. மறுநாள் நடுராத்திரியிலிருந்து ஊரடங்கு. கெஸ்ட் ஹவுஸ்ல நானும் ஒரு சமையல்காரரும்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் நாலு வார்த்தை. காலையில சோறு, பருப்பு, மத்தியானம் சோறு, மீன். அஞ்சு நாள் கழிச்சு மில் ஆபீஸ் லேண்ட்லைன்ல ரெண்டு நிமிஷம் வீட்டுக்குப் பேசக் கெடச்சுது. "சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும் கேட்டா. ஊருக்கு வந்த பிறகு ஒரு வாரம் என்கூட முகம் குடுத்துப் பேசலை.

மூணாவது, காசு. பி.எஃப். பென்ஷன் திட்டக் கணக்கைப் போட்டுப் பாத்தேன், மாசம் ஐயாயிரம் பக்கம்தான் வருது. நாம வாங்குன சம்பளத்துல பாக்கறதில்லையே, 2014 வரைக்கும் 6,500, அதுக்கப்பறம் 15,000-ன்னு அவங்க வெச்ச உச்சவரம்புல பாக்கறாங்க. பையன் கடைசி வருஷம் படிக்கறான். வீட்டுக் கடன் இன்னும் மூணு வருஷம்.

57, 58-க்கு மேல ஊர் சுத்தற வேலையில இருந்தவங்க யாராவது இருக்கீங்களா? கையெழுத்துப் போடலாமுங்களா?

பை_தூக்கி_மதுரை எழுதியது:

அண்ணே வணக்கம்ணே. நான் மெடிக்கல் ரெப். 44 வயசு, 19 வருஷமா தேனி, போடி, கம்பம் லைன். எங்க ஃபீல்டுல 45 தாண்டி பை தூக்குறவனைப் பாத்தாலே சின்னப் பயலுக ஒரு மாதிரியா பாக்குறாய்ங்க. ஒண்ணு மானேஜரா போயிரணும், இல்லைன்னா டார்கெட்டைக் காட்டியே வெளிய தள்ளிருவாய்ங்க. உங்களை 58-க்கு அப்புறமும் இருன்னு கேக்குறாங்கன்னா கொடுத்து வச்சவருண்ணே நீங்க.

நேத்து கூட போடியில ஒரு டாக்டருக்காக ராத்திரி பத்தரை வரைக்கும் நின்னேன். உக்கார நாற்காலி இருக்கு, ஆனா ரெப் உக்காந்தா பேஷன்ட்டு மொறைப்பாங்க. ஒரு காலை மாத்தி ஒரு கால்ல நிக்கிறேன். என் பக்கத்துல நின்ன பயலுக்கு 24 வயசு, ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டே ரீல்ஸ் பாக்குறான். உள்ள போனா டாக்டர் நாப்பது செகண்டு குடுத்தாரு. தேனிக்கு வந்து மதுரை கடைசி வண்டியைப் புடிச்சேன். உசிலம்பட்டி வரைக்கும் இடுப்பை நேரா நிமுத்த முடியலை. கண்டக்டரு பழக்கம், "என்ன சார், ஆளு கூனிட்டீங்க"ன்னாரு.

உங்க கேள்விக்கு வர்றேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கிராஜுவிட்டியை, அதான் பணிக்கொடையை, கையில வாங்கிருங்க. 'கான்ட்ராக்ட் முடியட்டும், மொத்தமா சேத்துத் தர்றோம்'பாய்ங்க. விடாதீங்க. கடைசி மாச அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, அதை 35-ஆல பெருக்குங்க. 20 லட்சம் வரைக்கும் சட்டப்படி உண்டு, முப்பது நாள்ல குடுக்கணும். அப்புறம், கம்பெனி மெடிக்ளெய்ம் கான்ட்ராக்ட்காரனுக்கும் உண்டான்னு எழுத்துல கேளுங்க. பல எடத்துல 58-ஓட கார்டு செத்துரும். சுகரு, பிரஷரு இருக்குறவன் அந்த வயசுல புதுசா பாலிசி எடுக்கப் போனா என்ன பாடுன்னு நான் தினம் ஆஸ்பத்திரி வராண்டாவுல பாக்குறேன்.

வைஃபை_வாசி எழுதியது:

அங்கிள், இப்ப எல்லாமே ரிமோட்ல பண்ணலாமே. மில்லில் இருக்கறவங்க வீடியோ கால்ல மெஷினைக் காட்டினா நீங்க வீட்டிலிருந்தே சொல்லலாம். உங்க ஜி.எம்.மிடம் இதைக் கேட்டுப் பாருங்க.

ஸ்பேனர்_கோவை எழுதியது:

மதுரைத் தம்பிக்கு ரொம்ப நன்றிங்க. கிராஜுவிட்டி கணக்கை சிகரெட் அட்டை பின்னால போட்டுப் பாத்துட்டேன். (சிகரெட் என்னுது இல்லை, டீக்கடையில கெடந்தது.)

வைஃபை தம்பி, நீங்க சொல்றது கொரோனா சமயத்துல செஞ்சு பாத்ததுதான். வாட்சப் கால்ல மெஷின் சத்தத்தை ஃபோனே இரைச்சல்னு நினைச்சு வடிகட்டிருதுங்க. பேசற ஆளோட குரல் மட்டும் பளிச்சுன்னு வருது. எனக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான்.

லாக்கர்_சாவி எழுதியது:

சார், எனக்கு 61 வயது. ஒரு வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து 60-ல் ஓய்வு பெற்றேன். பெர்த் விஷயத்தில் மட்டும் பெண்கள் உங்களை விட மூத்தவர்கள். எங்களுக்கு 45-லேயே லோயர் கோட்டா. என்னை முதலில் கிழவி என்று சொன்னது ரயில்வேதான், என் பேத்தி இல்லை.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முட்டி, பெர்த், பணம், டாக்கா எல்லாம் சொன்னீர்கள். வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. 35 வருடம் ஒரே வேலையைச் செய்தவர் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். அதனால் என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனில் நகைக்கடன் பைகளைச் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ராங் ரூமுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு தராசு, ஒரு பழைய மேஜை ஃபேன். ஃபேனை வேகமாக வைத்தால் தராசு ஆடும், அதனால் அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பையாகப் பிரித்து, நகையை எண்ணி, எடை போட்டு, அட்டையில் எழுதியதோடு ஒப்பிட்டு, திரும்பக் கட்டி முத்திரை வைக்க வேண்டும். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிளையில் நானூறு பைகளுக்கு மேல் இருந்தன. எனக்கு அப்போது 56. முதல் நாள் மதியத்துக்கு மேல் தராசின் எண்ணில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அழுக்கு கண்ணாடியில் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. கூட இருந்த கிளார்க் பெண்ணிடம், "நீ எண்ணைச் சொல்லும்மா, நான் எழுதிக்கொள்கிறேன், சீக்கிரம் முடியும்" என்றேன். ஏதோ வேகத்துக்காகச் செய்வது போல. எட்டு மாதம் அப்படியே ஊர் ஊராக ஓட்டினேன். எல்லாக் கிளையிலும் ஒரு பெண் எண்ணைச் சொல்வாள், நான் கையெழுத்துப் போடுவேன். சரிபார்க்க வந்தவள் நான், உண்மையில் சரிபார்த்தது அவர்கள். ஒரு நாள் இரவு லாட்ஜில் படுத்துக்கொண்டு, அவர்களில் ஒருத்தி தவறாகவோ வேண்டுமென்றோ ஓர் எண்ணை மாற்றிச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அடுத்த வாரம் விடுப்பு எடுத்து இரண்டு கண்ணிலும் புரை நீக்கிக்கொண்டேன். அவ்வளவு சின்ன விஷயம். எட்டு மாதம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் கேட்பது தப்பென்றால் மன்னிக்கவும். உங்களுக்கு முட்டி மட்டும்தானா?

ஸ்பேனர்_கோவை எழுதியது:

அம்மா, நீங்க எழுதுனதை நேத்து சாயங்காலம் படிச்சேன். பதில் எழுத இன்னைக்கு வரைக்கும் ஆயிருச்சு.

முட்டி மட்டும் இல்லீங்க. காது.

ஐப்பசியில ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லு. பழைய மாடல் ரிங் ஃபிரேம், ஆயிரத்துச் சொச்சம் ஸ்பிண்டில் (நூல் சுத்தற கதிரு). மெஷின் நீளத்துக்கும் அடியில டின் ரோலர்னு ஒரு உருளை ஓடும், அதுலிருந்துதான் டேப் போட்டு ஸ்பிண்டில் சுத்தறது. அந்த உருளையைத் தாங்கறதுக்கு வரிசையா பேரிங். எங்கயோ ஒண்ணு சரியில்லை, நூல் அறுந்துக்கிட்டே இருக்குன்னு கூப்பிட்டிருந்தாங்க. என்கூட புதுசா சேர்ந்த ட்ரெய்னி ஒருத்தன். 23 வயசு, ஈரோட்டுப் பக்கம்.

பேரிங் பாக்கறதுக்கு எங்க ஃபோர்மேன் எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான்: ஒண்ணரை அடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை பேரிங் பிராக்கெட்டுல வெச்சு, கைப்பிடியை காதுக்கு முன்னால எலும்புல அழுத்திக்கிட்டு, கண்ணை மூடிக்கணும். நல்ல பேரிங் 'ம்ம்ம்'னு ஒரே மாதிரி ரீங்காரம் போடும். கெட்டது அந்த ரீங்காரத்துக்கு மேல சன்னமா ஒரு 'சிர்ர்'ருன்னு ஓடும், வெந்நீர்ல மணல் போட்ட மாதிரி. அந்த 'சிர்ர்'ரைப் புடிக்கறதுதான் என்ற பொழப்பு. மத்ததெல்லாம் யார் வேணா பண்ணலாம்.

குனிஞ்சு வரிசையா ஒவ்வொண்ணா வெச்சுக் கேட்டேன். எல்லாமே 'ம்ம்ம்'. நிமிந்து, "பேரிங் நல்லாருக்கு, டேப்பு டென்ஷன்தான் பாக்கோணும்"னேன். பையன் நானும் ஒரு தடவை பாக்கறேன் சார்னு வாங்கி வெச்சுக்கிட்டுப் போனான். அஞ்சாவதுல நின்னான். திரும்ப நாலுக்கு வந்தான், மறுபடியும் அஞ்சு. "சார், இதை மட்டும் இன்னொருக்கா கேளுங்க"ன்னான். வலது காதுல வெச்சேன். இடது காதுல வெச்சேன். 'ம்ம்ம்'. அதைத் தவிர ஒண்ணும் இல்லீங்க. பையன் என்ற முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறான். "ஆமா ஆமா, இதுதான், கழட்டு"ன்னுட்டேன்.

கழட்டுனா கிரீஸ் கரிக்கட்டையா இருக்கு, உள்ள குண்டுகளைப் புடிச்சிருக்கற கேஜ் ரெண்டா ஒடஞ்சிருக்கு. மெயின்டனன்ஸ் மானேஜர் என்ற தோள்ல தட்டி, "இதுக்குத்தான் சார் உங்களைக் கூப்பிடறது"ன்னார். நான் சிரிச்சேன். பையன் கையைத் துடைச்சுக்கிட்டு டூல்ஸை எடுத்து வெக்கப் போயிட்டான்.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜுல எனக்கு சோறு இறங்கலை. பையன் பரோட்டா வாங்கியாந்து கதவைத் தட்டிருக்கான், அதுவும் கேக்கலை.

வீட்டுல ஒரு ரெண்டு வருஷமாவே தெரியும். குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு கேட்டா என்ற கணக்கும் அவ கணக்கும் ஒத்து வர்றதில்லை. கொசு காதுகிட்ட வர்றது தெரியறதில்லை, கடிச்ச பிறகுதான். டி.வி.யை நான் வெக்கற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சீரியல் பாத்துக்கலாம். ஆனா மில்லுல இப்படி ஆகும்னு நினைக்கலை. அங்க எனக்குக் கேக்கும்னே நம்பிட்டிருந்தேன். அதனாலதான் உங்ககிட்ட பெர்த் கதையைச் சொன்னேன்.

வேடசந்தூர்_மூணாம்_ஷிஃப்ட் எழுதியது:

சார், நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். மில்லுல மெயின்டனன்ஸ், 31 வருஷம். உங்களை மாதிரி கம்பெனி ஆளுங்க வர்றப்ப கார் கதவைத் திறந்து விடுறவன்.

மனசு நோகுற மாதிரி இருந்தா மன்னிச்சிருங்க, ஆனா சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தாரு. அந்தக் காலத்து ஆளு, அவரு கையை வச்சா மெஷின் பேசும்பாங்க. வந்து பாத்துட்டு எல்லாம் ஓகேன்னு ரிப்போர்ட் எழுதிட்டுப் போனாரு. பத்தே நாள்ல ராத்திரி ஷிஃப்ட்ல பேரிங் ஜாம் ஆகி டின் ரோலர் வளைஞ்சு போச்சு. அந்த ஃபிரேம் ஆறு நாள் நின்னுச்சு. மொதலாளிகிட்ட பேச்சு வாங்குனது நானு. அவருக்கு ஃபோன் போட்டா, நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுன்னாரு. பொய் சொல்லலை, அவருக்கு நல்லாத்தான் கேட்டிருக்கும்.

அதுக்காக நீங்க வீட்டுல உக்காருங்கன்னு சொல்ல வரலை. பேரிங்கைக் கண்டுபுடிக்க வைப்ரேஷன் மீட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. பேனா சைஸ்ல இருக்கு, வச்சா நம்பர் காட்டுது. ஸ்க்ரூ டிரைவரை விட மாட்டேன்னு நிக்கிறது கௌரவம், வேற ஒண்ணும் இல்லை. எங்களுக்கு உங்க காது வேண்டாம். எந்த கவுண்டுக்கு (நூலோட சன்னம்) எந்த டிராவலர் (ரிங்குல ஓடுற குட்டிக் கம்பி), ஈரப்பதம் எறங்குனா எங்க கை வைக்கணும், எந்த ஃபிட்டர் பொய் சொல்றான்னு தெரியும்ல, அது வேணும்.

இன்னொண்ணு. அந்தப் பையன் புடிச்சதை அங்கயே ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும் சார். எங்க மில்லா இருந்தா அவன் பேரை நான் எழுதி வச்சிருப்பேன், அடுத்த தடவை அவனைத்தான் கேப்பேன்.

காதுக்கு ஆடியோகிராம் எடுத்துருங்க. இரைச்சல்ல காது போறது சட்டத்துலயே தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு. போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம். எங்க மில்லுலயும் இயர் பிளக் டப்பா டப்பாவா குடுக்குறாங்க. எங்க ஆளுக அதைக் கழுத்துல தாலி மாதிரி தொங்க விட்டுட்டுத் திரியுறாய்ங்க. நானும்தான்.

பை_தூக்கி_மதுரை எழுதியது:

வேடசந்தூர் அண்ணே, கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம். ஆனா சரியாத்தான் சொல்லிருக்கீங்க. கோவை அண்ணே, காது மிஷின் வாங்குறதா இருந்தா மொத கடையில காட்டுன விலைக்கே வாங்கிறாதீங்க. டெஸ்ட்டை ஒரு எடத்துல எடுங்க, மிஷினை ரெண்டு மூணு எடத்துல போட்டுப் பாத்து வாங்குங்க. கமிஷன் எப்படி ஓடுதுன்னு என்னைக் கேளுங்க.

லாக்கர்_சாவி எழுதியது:

எழுதியதற்கு நன்றி சார். டெஸ்ட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வது உங்களுக்குச் சரியாகக் கேட்க வேண்டுமே.

ஸ்பேனர்_கோவை எழுதியது:

ரெண்டு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லாமப் போனா மரியாதையா இருக்காது.

ஆடியோகிராம் எடுத்தாச்சுங்க. சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை, மெஷின் ரிப்பேர் போலிருக்குன்னு வெளிய பாத்தா, அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டே இருக்குது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ற சம்சாரம் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நிக்கறா. ரெண்டு காதுலயும் கீழ் சத்தம் பரவாயில்லை. 4,000 ஹெர்ட்ஸ் வர்ற எடத்துல கோடு கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இறங்கியிருக்குது. டாக்டர், "எந்த மில்லு?"ன்னார். கோயமுத்தூர் டாக்டருங்க, வேற எதுவும் கேக்கலை. வெளிய வந்து ஆட்டோவுல ஏறுனதும் சம்சாரம், "நான் இத்தனை வருஷம் நீங்க வேணுமுன்னே கேக்காத மாதிரி இருக்கறீங்கன்னு நெனச்சுட்டிருந்தனுங்க"ன்னா. அதுல பாதி நெசம், அதை அவகிட்டச் சொல்லலை.

வேடசந்தூர் சாருக்கு: நோகலைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் உங்க மேல கோவமா இருந்தேன். மூணாவது நாள் ராஜபாளையம் மானேஜருக்கு ஃபோனைப் போட்டு, அஞ்சாவது பேரிங்கைப் புடிச்சது நான் இல்லீங்க, பையன்தான்னு சொல்லிட்டேன். அவர் ஒரு நிமிஷம் பேசலை. அப்பறம் பையன் பேரு என்னன்னு கேட்டு வாங்கிக்கிட்டார். நீங்க சொன்ன வைப்ரேஷன் மீட்டர் எங்க கம்பெனியிலயே இருந்துச்சுங்க, ஸ்டோர்ல, வாங்குன பெட்டியோட. பேட்டரி கசிஞ்சு பச்சை பூத்துக் கெடந்துச்சு. சுரண்டித் துடைச்சு புது பேட்டரி போட்டேன், வேலை செய்யுது.

பையன்கிட்ட பேக்கரியில டீ குடிக்கறப்ப காதைப் பத்திச் சொன்னேன். "தெரியும் சார்"னான். எப்பிருந்துடான்னேன். "பரோட்டா அன்னைக்கே தெரியும் சார்"னான். அதோட அவன் பன்னைத் தின்ன ஆரம்பிச்சுட்டான்.

ஜி.எம்.கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டிட்டேன். வர்றேன், ஆனா பையனையும் எல்லா டூருக்கும் அனுப்பணும், வெளிநாடு இல்லை, கிராஜுவிட்டி முன்னாடியே வேணும்னேன். "ரெண்டு பேருக்கு பேட்டாவா அண்ணா"ன்னு தலையைச் சொறிஞ்சார். அப்பறம், ஆறு மாசம் ஓட்டிப் பாக்கலாம்னார். எழுத்துல இன்னும் வரலை. மதுரைத் தம்பி, மெடிக்ளெய்ம் எழுத்துல வந்த பிறகுதான் கையெழுத்து, கவலைப்படாதீங்க.

அடுத்த வாரம் சபரி எக்ஸ்பிரஸ்ல குண்டூர் போறோம், நானும் அவனும். ஆபீஸ்ல ரெண்டையும் ஒரே டிக்கெட்டா போட்டுட்டாங்க, மூணாம் ஏசி. எனக்கு 27. அவனுக்கு 25. அவனுக்கு எட்டால வகுக்கத் தெரியுமான்னு தெரியலை. நான் வாயைத் திறக்கறதா இல்லை.